விசா இல்லாமல் வந்தவர்

2005 ஒக்டோபர். சாவோ பாவுலோவிலிருந்து பிராங்பேர்ட்டுக்குப் பதினொன்றரை மணி நேரப் பறப்பு. பக்கத்து இருக்கைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "அப்பனே முருகா" என்று சாய்ந்தார். கையில் இருந்ததோ பிரேசில் கடவுச்சீட்டு. எனக்கு அப்போதே சந்தேகம்.

பெயர் குலசிங்கம், ஊர் சாவகச்சேரி. கனடாவுக்கென்று வெளிக்கிட்டவரைப் பதினேழு வருஷத்துக்கு முன், ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் சாவோ பாவுலோவில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். அங்கேயே தையல் வேலை, கலியாணம், குடியுரிமை. இப்போது ஜெர்மனியில் எசன் நகரில் இருக்கும் தங்கை செல்வியைப் பார்க்கப் போகிறார். கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினொரு வயது.

"விசா எங்கை அண்ணை?"

"தேவையில்லைத் தம்பி. பிரேசில், ஆர்ஜென்டினா, சிலி, உருகுவேக்காரர் ஆறு மாசத்துக்குள்ளை தொண்ணூறு நாள் சும்மா வந்து நிக்கலாம். பெரு நாட்டுக்காரருக்கும் கொலம்பியாக்காரருக்கும்தான் விசா வேணும்."

"ஆர் சொன்னது?"

"தூதரகத்திலை எழுதி ஒட்டியிருக்கு."

ஒட்டியிருப்பதை நம்புகிற ஆள் நானில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சத்தை எல்லைகளில் படித்தேன். போன வருஷம்தான் எனக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. அதோடு பிரேசிலுக்குப் போக விசா வேண்டாம் என்றார்கள். நம்பாமல் வேலையிடம், வங்கி என்று பதினொரு அத்தாட்சிக் கடிதங்களைக் கட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் ஒன்றையும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

காலைச் சாப்பாட்டு நேரம் அவர் ஒரு கடிதத்தைக் காட்டினார். செல்வி ஜெர்மனில் எழுதியது. அண்ணர் எங்கள் வீட்டில் தங்குவார் என்று விலாசம், தொலைபேசி எண், கையெழுத்து எல்லாம் இருந்தன.

"இதைக் காட்டினால் இஞ்சையே நிக்க வந்த ஆள் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். சுற்றிப் பார்க்க வந்தனான், இஞ்சை ஒருத்தரையும் தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"அது பொய்யெல்லோ?"

"நாங்கள் உண்மை சொல்லியே இஞ்சை வந்தனாங்கள்?"

எண்பதுகளில் பெர்லினுக்கு வந்தபோது, ஏஜென்சிக்காரன் சொன்னபடி விமானத்துக்குள் கடவுச்சீட்டையே கிழித்தவன் நான். கடிதம் எம்மாத்திரம்? அவர் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்து மிச்ச முட்டைப்பொரியலுக்குக் கீழே வைத்தேன். பணிப்பெண் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். குலசிங்கம் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

10.40-க்கு இறங்கினோம். கடவுச்சீட்டுப் பரிசோதனையில் என் வரிசை ஒரு நிமிடத்தில் முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். அதிகாரி ஏதோ கேட்க, குலசிங்கம் தலையை ஆட்டி ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். அறை வாசலில் நின்று அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

அதிகாரி என்னிடம் வந்தார். "இவரைத் தெரியுமா?"

"விமானத்தில் பக்கத்தில் இருந்தவர், அவ்வளவுதான்."

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

"திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது, செலவுக்குப் பணம் இருக்கிறது. எங்கே தங்குவார் என்றால் பதில் இல்லை. கைப்பையில் மூன்று சேலையும் ஒரு குழந்தைச் சட்டையும் இருக்கின்றன. யாருக்கு என்று கேட்டால், தனக்கு என்கிறார். இப்படியே இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டிவரும்."

கடிதத்தைக் கிழித்தது நான் என்று சொன்னால் என் பெயரையும் எழுதுவார்கள். சொன்னேன். எழுதினார்கள்.

தங்கையின் விலாசம் கேட்டார்கள். எசன் என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை. தங்கை வெளியே காத்து நிற்பாள், கூட்டிவருகிறேன் என்று ஓடினேன்.

வருகை மண்டபத்தில் குழந்தை வண்டியோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றாள்.

"செல்வியோ?"

"நீங்கள் ஆர்?"

"உங்கடை அண்ணரோடை வந்தனான். அவரை மறிச்சு வைச்சிருக்கினம். வாங்கோ."

அவள் வண்டியைப் பின்னுக்கு இழுத்தாள். "ஏஜென்சியோ? என்ரை அண்ணை விசா இல்லாமல் சட்டப்படி வாறார். உங்களுக்கு ஒரு சதமும் தரமாட்டன். அவருக்குக் கடிதமும் அனுப்பினனான்."

"அது கிழிஞ்சு போச்சு."

"ஆர் கிழிச்சது?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏமாற்றுக்காரன் இவ்வளவு மடையனாக இருக்கமாட்டான் என்று நினைத்திருப்பாள். வண்டியின் அடித்தட்டிலிருந்து தடித்த கோப்பொன்றை எடுத்தாள். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் குடையை மறப்பார்கள், பிரதியை மறக்கமாட்டார்கள். கடிதத்தின் பிரதி முதல் பக்கத்திலேயே இருந்தது. மண்டபத்திலிருந்த காவல் அறையில் அதையும் தன் அடையாள அட்டையையும் கொடுத்தாள். பிறகு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். இரண்டரை யூரோ கொடுத்து நான் வாங்கிவந்த கோப்பியை அவள் தொடவில்லை.

1.25-க்குக் கதவு திறந்தது. குலசிங்கம் வந்து நின்று, அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ செல்வியோ?"

"ஏன், அடையாள அட்டை காட்டட்டோ?" என்றவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கடவுச்சீட்டை விரித்து முத்திரையைக் காட்டினார். "பாத்தீரோ தம்பி, ஒட்டியிருந்தது உண்மைதான். இனி ஆருக்கும் புத்தி சொல்லப் போகாதையும்."

"எசனுக்கும் வரவேண்டாம்" என்றாள் செல்வி. சிரித்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

என் வீடு ஹம்பேர்க்கில், நாலு மணி நேர ரயில். டிக்கெட் பார்க்க வந்தவரிடம் டிக்கெட்டோடு கடவுச்சீட்டையும் நீட்டினேன். "இது வேண்டாம்" என்று திருப்பித் தந்தார்.

ஏன் வேண்டாம் என்றார் என்று ஹம்பேர்க் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.