வேர்ப்புழுவுக்கு ஒரு மனு

மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். கடைப்பிடித்தேனா என்பது வேறு விஷயம்.

பாபநாசத்தில் எங்கள் வீட்டு முன்னால் சிறிய புல்தரை. முழங்கால் அறுவைக்குப் பிறகு மனைவி பயமில்லாமல் கால் வைத்த இடம் அது ஒன்றுதான். கூடத்து டைல்ஸில் ஒருமுறை சறுக்கியதிலிருந்து உள்ளே நடக்க மறுத்துவிட்டாள். தினமும் நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

புரட்டாசியில் புல் திட்டுத்திட்டாக மஞ்சளானது. நெல் விளையும் ஊரில் பிறந்தவனுக்கு மஞ்சளுக்குத் தெரிந்த வைத்தியம் யூரியாவும் தண்ணீரும்தான். சுற்றிலும் வரப்பு போல மண் அணைத்துத் தண்ணீர் தேக்கினேன். மஞ்சள் கூடியது. மைனாக்கள் கூட்டமாக வந்து கிளறின. உரிய வேளாண்மை அலுவலகத்துக்கு மூன்று இணைப்புகளுடன் மனு அனுப்பினேன்.

பக்கத்து வயலில் சாகுபடி செய்யும் அம்மா வேலியோரம் நின்று பார்த்தார்.

"என்ன சார், நடவுக்கு ஆள் சொல்லியாச்சா?"

"மனு போட்டிருக்கேன்மா."

"மைனா மனு போடாமலே வந்து தின்னுட்டுப் போவுது. புல்லைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். வேரில்லாமல் பாய் போலச் சுருண்டு வந்தது. அடியில் பழுப்புத் தலையுடன் வளைந்து கிடந்தன வெள்ளைப் புழுக்கள்.

"வேர்ப்புழு சார். கடலை போட்ட வருஷம் எங்களையும் பதம் பார்த்துச்சு. மக்காத எருவைக் கொட்டினீங்களா?"

கொட்டியிருந்தேன்.

வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தேன். புழுக்களைப் பொறுக்கினேன். மண்ணைக் கிளறி, வேப்பம் புண்ணாக்கு கலந்து, புதுப் புல் பதித்தேன். மனைவி சுவரைப் பிடித்தபடி வாசற்படி வரை வந்து தினமும் விசாரித்தாள்: "என்னங்க, ஃபைல் எதுவரைக்கும் வந்திருக்கு?"

தை மாதம் புல் பிடித்தது. அவள் ஊன்றுகோலுடன் இறங்கினாள். கோடையின் முதல் மழைக்கு மறுநாள் அந்தி சாயும்போது, இந்தப் புழுக்களின் தாய் வண்டுகள் முட்டையிட மண்ணில் இறங்குமுன், அவை இலை தின்ன வந்து மொய்த்த வேப்பங்கிளையை உலுக்கினேன். விழுந்தவற்றைப் பொறுக்கி, அவள் பிடித்திருந்த சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். அதன்பின் வாரம் ஒருமுறை புல்லை இழுத்துப் பார்க்கிறேன். வர மறுக்கிறது.

பதில் பதிவுத் தபாலில் வந்தது: புல்தரை பயிர்ப் பட்டியலில் இல்லாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது. கோலில்லாமல் புல்மேல் நடந்து போய்க் கையெழுத்திட்டு வாங்கியவள் மனைவி. உறையின்மேல், என் பழக்கப்படி, பெறப்பட்ட தேதியைக் குறித்தேன்: வைகாசி ஏழு.