ஐஸ் பெட்டியில் வைத்த கை

என் மனைவியின் மணிக்கட்டை நான்தான் உடைத்தேன். குழம்பில் உப்பில்லை என்று தட்டை வீசினேன். அவள் ஏதோ சொன்னாள். கையைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகும் ஒருமுறை அடித்தேன். மறுநாள் அவள் திருவல்லிக்கேணியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "கவுன்சிலிங் போவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியனுப்பினாள்.

பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டிக் கொடுப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, கைதான் வரும். "அது வெறி புடிச்சது, கிட்ட போவாத" என்று என் காதுபடவே சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அடையாற்றில் கவுன்சிலிங் கொடுக்கும் ஒரு மேடம். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் மிருகம்மா" என்றேன்.

"நீங்க வேற, அந்தக் கோபம் வேற. அதுக்கு ஒரு பேர் வைங்க."

"கொதிப்பு" என்றேன். ஒரே நிம்மதி. நேராகத் திருவல்லிக்கேணிக்கு ஓடினேன். வாசலில் நின்று மனைவியிடம், "உன்ன அடிச்சது நான் இல்ல, கொதிப்பு" என்றேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "கொதிப்புக்குக் கை கீதா? போய் உன் மேடத்தாண்ட கேளு." கதவை அறைந்து சாத்தினாள்.

கேட்டேன். "அவங்க சொன்னதுதான் சரி" என்றார் மேடம். "பேர் வெச்சது தப்பிக்கிறதுக்கு இல்ல, எதிர்ல நிறுத்திப் பாக்கறதுக்கு. கொதிப்பு வந்தும் நீங்க அடிக்காத நாள் ஏதாவது உண்டா?"

ஒன்று இருந்தது. வஞ்சிரத் துண்டு தடிமனாகிவிட்டதென்று, குடித்துவிட்டு வந்த ஒருவன் என்னைச் செருப்பால் அடித்தான். என் கையில் கத்தி. எட்டும் தூரத்தில் அவன் கழுத்து. கத்தியைப் பலகையில் குத்திவிட்டு, இரண்டு கைகளையும் ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை சொருகினேன். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மார்க்கெட்டே சிரித்தது. கேவலம் என்று அதை மறந்திருந்தேன்.

"ஐஸ்ல கைய வெச்சது யாரு?"

"நான்தாம்மா."

"மணிக்கட்டை முறுக்கினது?"

"அதுவும் நான்தான்."

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி என் பலகை முன்னால் வந்து நின்றாள். பையில் சங்கரா மீன். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. பக்கத்துப் பலகைக்காரன் சும்மா இருக்கவில்லை. "இன்னா மச்சி, இன்னொரு கையையும் ஒடிச்சிடப் போற!"

கத்தியைப் பலகையில் குத்தினேன். கைகளை ஐஸுக்குள் விட்டேன். அவன் சிரித்து ஓயும் வரை எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வூட்டுக்கு வர்றேன்னு நெனச்சுக்காத" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் மீனு வாங்க வருவேன். இப்ப வெட்டு."

மரத்த கையில் கத்தி வழுக்கியது. என் விரல் கிழிந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.