முப்பத்திரண்டு கே-யில் ஆறு பெண்கள்

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூரில் நான் படித்த இடைநிலைப்பள்ளியில் ஒரே ஒரு கணினி இருந்தது. நான்காம் படிவத்தில் கணினிக் கழகத்தில் சேர்ந்து, அதன் செயலாளரும் ஆனேன். தோட்டத்திலிருந்து வந்த பெண் அதில் நான் ஒருத்திதான். பொறுப்பாசிரியர் கணிதம் சொல்லிக்கொடுப்பவர், அவரும் தமிழர்.

கேசட்டிலிருந்து ஏற்றும் விளையாட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. கோட்டைக்குள் ஒரு வீரன் காவலனிடம் சிக்காமல் பொற்காசு பொறுக்குவான். அதன் நிரல் வரிகளைத் திரையில் படிக்க முடிந்தது. படிக்க முடிந்ததால் மாற்றத் தொடங்கினேன். தூண்கள் செம்பனை மரங்களாயின. பொற்காசு, உதிர்ந்த பழமானது. காவலன், தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஆனான். வீரனைத் தூக்கிவிட்டு, புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் பழம் பொறுக்கிய என் அம்மாவையும் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேரையும் கட்டம்போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக வரைந்தேன். ஒருவர் நெட்டை. ஒருவர் காலைச் சாய்த்து நடப்பார். ஒருவர் நிறைமாதம். அம்மா சாக்கை எப்போதும் இடது தோளில்தான் போடுவார்.

நான்காவது பெண்ணைச் சேர்த்ததும் விளையாட்டு நின்றது. இடமில்லை என்று திரையில் ‘நோ ரூம்’ வந்தது.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “மொத்த மெமரியே முப்பத்திரண்டு கே. நாலு கலர் திரைக்கே இருபது போயிடுது. ஒரு பொம்பளைய வரஞ்சு ஆறு வாட்டி போடு. யாருக்குத் தெரியப் போவுது?”

“ஆறு பேரும் வேற வேற ஆளு சார்.”

“மெஷினுக்கு அது தெரியாது லா.”

“எனக்குத் தெரியும் சார்.”

அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் அவர்களை ‘பொறுக்குற ஆளுங்க’ என்றுதான் சொல்வார். ஒருவரையும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஆறு பேரை ஒரே ஆளாக்கும் அந்த வேலையை நானும் செய்யப்போவதில்லை.

வண்ணத்தை விட்டேன். கறுப்பு வெள்ளைத் திரைக்குப் பத்து கே போதும். மரங்களின் பச்சை போனது வருத்தம்தான். ஐந்து பேர் திரைக்கு வந்துவிட்டார்கள், அம்மாவுக்கு இடமில்லை. மிச்சம் இருந்தது தொடக்கத்தில் வரும் பள்ளிச் சின்னம். ஆசிரியரே வரைந்து சேர்த்தது. அழித்தேன். அம்மா திரைக்கு வந்தார்.

பெற்றோர் வரும் நாளன்று காலையில் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டார்.

“சின்னம் எங்க?”

“எடுத்துட்டேன் சார். இடம் பத்தல.”

“யாரக் கேட்டு எடுத்த? பழைய கேசட்டப் போடு.”

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. “எங்கம்மா பாத்துட்டுப் போகட்டும் சார். அப்புறம் போடுறேன்.” தலைமையாசிரியரும் பெற்றோர்களும் உள்ளே வரவே, ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்.

அம்மா நெட்டை அத்தையோடு வந்தார். அத்தை தன்னை உடனே கண்டுகொண்டார். அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏண்டி, எனக்கு மூஞ்சியே இல்ல?”

“மெமரி பத்தலம்மா.”

“மண்டோருக்கும் இல்லதானே?”

“இல்ல.”

“அப்ப சரி” என்றார்.

அடுத்த வாரம் கழகச் செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். மன்னிப்புக் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். நான் கேட்கவில்லை.