மாமியின் கையில் முடிச்சு

பிள்ளைப்பேற்றை வீரக்கதையாகச் சொல்லும் பெண்களோடு எனக்கு ஒத்துவராது. நான் மூன்று பெற்றவள். முதலாவது உயிரில்லாமல் பிறந்தது. ஆகவே நெடுந்தீவில் இரண்டாவது தடவை பிரசவ நோ தொடங்கியபோது என்னிடம் வீரம் ஒன்றும் இருக்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்ற பயம் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது.

அது சோளகக் காற்றுக் காலம். ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு வள்ளம் விட முடியாத கடல். காலையில் வந்த மருத்துவிச்சி முதலில் என் வயிற்றைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தாள்.

“முடிச்செல்லாத்தையும் அவிழுங்கோ, பூட்டெல்லாத்தையும் திறவுங்கோ” என்றாள்.

பிரசவ வீட்டில் கட்டும் பூட்டும் இருந்தால் பிள்ளையும் உள்ளேயே தங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் கணவரின் தங்கையான மச்சாள் அலுமாரியைத் திறந்தாள், என் கொண்டையை அவிழ்த்தாள். என் கணவர் சொன்ன வேலையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்கிற மனிதர். கொட்டிலுக்குப் போய் மாடுகளையும் அவிழ்த்துவிட்டார். அவை வந்த அதிர்ஷ்டத்தை வீணாக்காமல் தெற்கே நடையைக் கட்டின. அன்று முழுவதும் அவர் மாடு தேடித் திரிந்தார்.

மற்றபடி மருத்துவிச்சி நல்ல வேலைக்காரி. என்னைப் படுக்கவிடவில்லை. அறைக்குள் மெல்ல நடக்க வைத்தாள். நோ வரும்போது கூரை வளையிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கச் சொன்னாள். அந்தக் கயிற்றிலும் முடிச்சில்லை. வளைக்கு மேலால் போட்டு இரண்டு தலைப்பையும் என்னிடம் தந்திருந்தாள். நோ விட்ட நேரங்களில் கணவரின் தாயான மாமி என் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தார். சுவரில் சாய்வதைவிட அது சுகமாக இருந்தது. சுவர் மூச்சு விடாது, மாமி விட்டார், நானும் அதே கணக்கில் விட்டேன். மச்சாள் சுடுநீரில் துணி தோய்த்து இடுப்பில் ஒற்றினாள். இடையிடையே ஒரு மிடறு மல்லித்தண்ணி.

இவ்வளவு செய்தும் மத்தியானத்துக்குப் பிறகு நோ குறையத் தொடங்கியது. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் நின்றது. மருத்துவிச்சி பேச்சைக் குறைத்துக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“பல்லைக் கடியாதை பிள்ளை. வாயைத் திறந்து ஊது. கையை விரி.”

வலக்கையை விரித்தேன்.

“மற்றதுக்குள்ளை என்ன?”

ஒளிக்க வழியில்லை. மஞ்சள் துண்டில் ஒரு செப்புக்காசு முடிந்து, பிள்ளை உயிரோடு பிறந்தால் கோயிலில் கொண்டுபோய் அவிழ்ப்பதாக நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்திருந்தேன். மாதக்கணக்காகத் தலையணைக்குக் கீழே இருந்த முடிச்சு, அன்று காலையில் பயத்தில் என் கைக்குள் வந்துவிட்டது.

“அவிழ்” என்றாள் மருத்துவிச்சி.

“ஏலாது.”

“கை இறுகினால் உடம்பெல்லாம் இறுகும். அம்மாள் பொறுப்பாள், பிள்ளை பொறுக்காது.”

அவிழ்த்தால் நேர்த்தி குலையும், வைத்திருந்தால் பிள்ளை வராது. மச்சாள் அழத் தொடங்கினாள். மாமி என் முதுகிலிருந்து எழுந்து முன்னால் வந்தார்.

“இஞ்சை தா. நான் அவிழ்க்கேல்லை. வளவுக்கு வெளியிலை கொண்டுபோய் வைச்சிருக்கிறன்.”

மருத்துவிச்சி சற்று யோசித்தாள். “ஓம், அது சரிவரும். ஆனால் பிள்ளை பிறக்குமட்டும் நீங்கள் உள்ளுக்கு வரக்கூடாது.”

மாமி போனபின் மச்சாளின் ஒல்லி முதுகுதான் எனக்குக் கிடைத்தது. அதுவும் போதுமாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் போனதும் தோள் தானாக இறங்கியது, தாடை தளர்ந்தது. வெட்கமில்லாமல் மாடு மாதிரிக் கத்தினேன். வெயில் சாயும் நேரம் பெண்பிள்ளை பிறந்து அழுதது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் பனைமட்டையால் கூரையில் தட்டி அயலுக்கு அறிவிப்பார்கள். பெண்ணுக்குத் தட்டுவதில்லை. அதைப் பிழை என்று நான் அன்றுவரை நினைத்ததுமில்லை. நஞ்சுக்கொடி விழவேண்டும், பிள்ளையைக் கழுவவேண்டும் என்று மூன்று பேரும் வேலையாக இருந்துவிட்டோம். மாமியை மறந்துபோனோம்.

மாடுகளோடு திரும்பிய என் கணவர்தான் வளவுக்கு வெளியே ஒழுங்கையில் அவரைக் கண்டார். கல்மதிலோரம் வெயிலில், முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தாராம். என் கத்தல் அவருக்குக் கேட்டிருக்கிறது, பிறகு அது நின்றதும் தெரிந்திருக்கிறது. பிள்ளையின் அழுகை அந்தக் காற்றில் மதில் தாண்டவில்லை. கூரைச் சத்தம் என்றால் தாண்டியிருக்கும். முதல் பிள்ளையின்போதும் கத்தல் நின்று கூரை பேசாமல்தான் இருந்தது.

கணவர் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்ன பிறகே மாமி எழும்பி வந்தார். முடிச்சை என் கையில் வைத்தார். பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். பிறகு மருத்துவிச்சியிடம் திரும்பினார்.

“ஏன் ஒருதரும் கூரையிலை தட்டேல்லை?”

“பெட்டைக்குத் தட்டுறேல்லையே.”

“பெட்டையும் செத்த பிள்ளையும் ஒண்டோ?”

மாமி வெளியே போனார். சற்று நேரத்தில் கூரையில் பனைமட்டை அடி விழத் தொடங்கியது. பெடியன் என்று நினைத்து அயல் பெண்கள் ஓடிவந்தார்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை மாமி நிறுத்தவில்லை. ஓலைத் தூசி என் மேலும் பிள்ளை மேலும் கொட்டிக்கொண்டிருந்தது.