கீழாநெல்லியும் வெள்ளணுவும்

திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவது, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணுவது, ரிப்போர்ட் அடிப்பது, இப்படித்தான் என் நாள் போகும். வருகிறவர்களைத் திட்டுவதும் வேலையில் சேர்த்தி. காமாலை என்று வருகிறவர்கள் முதலில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். “இன்னா சாப்ட்டீங்க?” என்றால், “ஒண்ணும் சாப்பிடலீங்களே” என்று பச்சைக் குழந்தை போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். “டாக்டருகிட்ட மறைச்சா அவரு இன்னாத்தப் பாத்து வைத்தியம் பண்ணுவாரு?” என்று நான் கத்துவது வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும். வாயாடி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் வீட்டுக்காரர் கூட்டேரிப்பட்டில் டிராக்டர் மெக்கானிக். வல்லத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வண்டி வரும். நான் பேசுவதில் கால் பங்குகூடப் பேச மாட்டார். வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று அவர் சொன்னதே எதிர் வீட்டுக்காரர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் கட்டி. இரண்டு மல்லாட்டைக் கொட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், சேர்த்து வைத்த அளவு. புற்று என்று அடுத்த வாரம் உறுதியானது. காமாலைக் கிருமி ஒன்று வருடக்கணக்காக அவர் ஈரலில் குடியிருந்திருக்கிறது. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்த நான் வீட்டு மனிதரின் ரத்தத்தை ஒரு தடவைகூட அதற்காகப் பார்த்ததில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கட்டி சின்னது, வயிற்றைக் கிழிக்க வேண்டாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியைத் தோல் வழியாகக் கட்டிக்குள் செலுத்தி, ஊசியின் நுனியைச் சூடாக்கி, கட்டியை இருந்த இடத்திலேயே பொசுக்கிவிடலாம். ஆனால் ஈரலில் வேறு இடத்தில் மறுபடி முளைக்கக்கூடும். அதைத் தடுக்க ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. பொசுக்குவதற்கு முன் நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பார்கள். பொசுங்கிய கட்டியின் மிச்சத்தைப் பார்த்து, உடம்பின் காவல்படை எதிரியின் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நேரத்தில் வளர்த்த அணுக்களைத் திரும்ப ஏற்றினால் படைக்குப் பலம் கூடுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

அந்த அணுக்களை நான் தினமும் பார்க்கிறேன். ஊதா நிறத்தில், உருண்டையாக, அமைதியாக இருக்கும். எண்ணி எழுதிவிட்டுத் தகட்டைத் தொட்டியில் போட்டுவிடுவேன். அவற்றுக்கு ஆகாரம் கொடுத்து வளர்த்து வேலைக்கு அனுப்பலாம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இந்த ஆராய்ச்சியில் இவருக்கு எப்படியாவது ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று அந்த அறையிலேயே வேண்டிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று வாரம்தான் என்னைக் கெடுத்தது. கட்டி உள்ளே இருக்கிறது என்று தெரியும், நான் சும்மா இருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் கீழாநெல்லி மண்டிக் கிடக்கும். ஒரு நாள் காலையில் குனிந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். வேரோடு அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி நீட்டினேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஊரெல்லாம் திட்டிக்கினு இருந்தியே, இப்ப இது இன்னா?”

“இது மருந்தா? வாய்க்கா ஓரத்துல மொளைக்கிற தழை. ஈரலுக்கு நல்லது. கம்முனு குடிங்க.”

ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை என்பது சரியாக என்னைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம், செடி பிடுங்கி அரைத்துக் கலக்குகிற நேரம், எனக்குப் பயமில்லாமல் இருந்தது. நாளில் வேறெந்த நேரத்திலும் அப்படி இல்லை. அதனால் தினமும் அரைத்தேன்.

குறித்த நாளில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் போனில் கூப்பிட்டார். ஈரல் நொதிகளின் அளவு அவர்கள் வைத்திருக்கும் எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறதாம். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். “வேற ஏதாவது எடுத்துக்கிறாரா மேடம்? நாட்டு மருந்து, மூலிகை மாதிரி?”

“ஒண்ணும் எடுக்கலீங்களே,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் பொய் சொல்கிறவர்களின் குரல் அது.

அன்றோடு அரைப்பதை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் எங்கள் நிலையத்திலேயே அவர் ரத்தத்தைப் பார்த்தேன். அளவு இறங்கியிருந்தது. தழையால்தான் ஏறியதா, நோயால் ஏறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்பித்தோம் என்று மட்டும் நினைத்தேன். சென்னைக்குப் போகும் பஸ்ஸில் அவருக்குப் பாடம் எடுத்தேன். “கேட்டா இல்லன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க.” அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சரி என்று தலையாட்டுவதாக நான் எடுத்துக்கொண்டேன்.

நர்ஸ் ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். நாட்டு மருந்து பற்றிய கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“கீழாநெல்லி குடிச்சேன் மேடம். ரெண்டு வாரத்துக்கு மேல. தெனமும் வெறும் வயித்துல.”

மேஜைக்கு அடியில் அவர் காலை அழுத்தி மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

டாக்டர் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். மூலிகை எடுத்திருந்தால் அதை நிறுத்தி இத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறதாம். கட்டியை அவ்வளவு நாள் விட்டுவைக்க முடியாது. பொசுக்கிய பிறகு அணுக்களை எடுத்தால் இந்த ஆராய்ச்சிக்குள் வராது. ஆகவே பொசுக்குவது மட்டும் வழக்கம்போல நடக்கும் என்றார். எங்கள் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

வராந்தாவில் வைத்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “வாய மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்? டெஸ்ட்டே நார்மலாயிடுச்சு. யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். “ஸ்டார்ட் ஆவலன்னு ஒரு வண்டி வருதுன்னு வெய்யி. ஃபில்டரு, பம்பு, பேட்டரி எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா வண்டி ஓடிடும். ஆனா எது கோளாறுன்னு எனக்கும் தெரியாது, அடுத்த வண்டிக்காரனுக்கும் சொல்ல முடியாது. ஒண்ண மாத்தணும், ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். அவங்களும் அந்த வேலதான் பண்ணிக்கினு இருக்காங்க. நான் போயி அதுல தழைய அரைச்சி ஊத்தலாமா?”

“நீங்க வண்டி இல்ல,” என்றேன். அழுகை வந்துவிட்டது. நர்ஸ் பார்க்கிறார் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கட்டியைப் பொசுக்கினார்கள். விலாவில் ஒரு சின்னப் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தார். புறப்படும்போது டாக்டர் ஓர் உதவி கேட்டார். அணுக்கள் ஏற்றாமல் பொசுக்க மட்டும் செய்துகொண்டவர்களின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு குழாய் ரத்தம் தர முடியுமா என்றார். இவர் உடனே தலையாட்டினார். ரத்தம் எடுத்து அன்றைக்கே சென்னைக்கு அனுப்புவது என் தலையில் விழுந்தது.

பல மாதம் அவரோடு நான் நன்றாகப் பேசவில்லை. கோபத்தில் கேப்பைக் கூழுக்கு உப்புப் போட மறந்தேன் என்று சொல்ல மாட்டேன், வேண்டுமென்றேதான் போடவில்லை. அவர் அதையும் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கும்போது சில சமயம் கை நின்றுவிடும். தழை எதுவும் குடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் சென்னையில் யாரோ ஒருவர் இப்படித்தான் ஒரு பொய்யை அட்டவணைக்குள் ஏற்றியிருப்பார். அதை நம்பி இன்னொரு குடும்பம் பஸ் ஏறியிருக்கும். புத்திக்கு இது புரிந்தது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு நியாயம் வேண்டாம், அவர்தான் வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஸ்கேன் எல்லாம் சுத்தமாக வந்தது. அப்புறம் வந்த ஸ்கேனில் ஈரலின் இன்னொரு மூலையில் புதுசாக ஒரு புள்ளி தெரிந்தது.

டாக்டரிடம் நேராகவே கேட்டேன். “அன்னைக்கு அந்த வெள்ளணுவ ஏத்தியிருந்தா இது வந்திருக்காதா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது. இதையும் பொசுக்கிடலாம், சின்னதாத்தான் இருக்கு.” அந்தப் பதிலை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அடுத்த வாரம் மறுபடி பொசுக்க நாள் குறித்திருந்தது. அதற்கு முந்தின நாள் மூன்று மாத ரத்தம் அனுப்ப வேண்டிய நாள். காலையில் நிலையத்தைத் திறந்ததும் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“எடுக்க மாட்டேன்,” என்றேன். “போதும். மறுபடியும் வந்துடுச்சு. இன்னும் இன்னாத்துக்கு அவங்களுக்கு ரத்தம்?”

“வந்ததாலதான் குடுக்கணும்.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடல. பொசுக்குனது எனக்கு நிக்கல. அது அவங்களுக்குத் தெரிய வேணாவா? நல்லாயிட்டவங்க ரத்தத்தையே பாத்துக்கினு இருந்தா, பொசுக்குனாலே போதும்னு எழுதிடுவாங்க. அப்புறம் வர்றவனுக்கு அந்த வெள்ளணுவ ஏத்த மாட்டாங்க.”

ரப்பர் பட்டையை எடுத்து முழங்கைக்கு மேலே கட்டினேன். கிரீஸ் படிந்த அந்தக் கையில் நரம்பு தெளிவாகப் புடைத்து நின்றது. பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை வைத்தேன். ஊசி போடத் தெரியாத பெண்ணுக்குத் தப்புவதுபோல எனக்கு நரம்பு தப்பியது. ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திக்கொண்டு, தலையைத் தூக்காமல் அப்படியே நின்றேன்.

அவர் மறு கையின் சட்டையை மடித்து நீட்டினார்.