பிளாஸ்திரி அக்காவும் விலையேறிய வரைபடமும்

அந்தச் சலவை நிறுவனத்தில் மென்பொருள் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவில் ஒரே ஒரு ஆள். எல்லோரும் அவளைப் பிளாஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே எது கிழிந்தாலும் அவசரத்துக்கு எதையாவது ஒட்டி ஓடவைத்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். வயது நாற்பத்தொன்று. கீழ்த்தளத்து நீராவி இஸ்திரிகளின் சூடு அவள் அறையின் தரை வழியே ஏறி வரும். காலி சோப்புத்தூள் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பாள்.

ஒன்பது வண்டிகள் காலையில் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்வது அவள் எழுதிய மென்பொருள். ஆனால் எந்த வீடு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதை வெளியே ஒரு வரைபட நிறுவனத்தின் ஏ.பி.ஐ. என்ற இணைய ஜன்னலில் கேட்கும். முகவரியை அனுப்பினால் இடத்தைச் சொல்வார்கள். கேள்விக்கு இவ்வளவு என்று காசு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் மகிழ்ச்சியில், எங்கள் கட்டணத்தை எளிமையாக்கியிருக்கிறோம்.’ மூன்று முறை படித்த பிறகுதான் எளிமை என்றால் ஒன்பது மடங்கு என்று அவளுக்கு விளங்கியது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல்.

முதலாளி கூட்டம் போட்டார். அவருடைய மச்சானும் வந்து உட்கார்ந்தார். ‘வளர்ச்சித் தலைவர்’ என்று அட்டை அடித்து வைத்திருப்பவர். அவர் சேர்ந்த பிறகு நிறுவனத்தில் வளர்ந்தது அவருடைய நாற்காலி மட்டும்தான்.

“வேற யாராவது மலிவா தருவாங்களான்னு பாருங்கம்மா,” என்றார் முதலாளி.

“பாக்கிறேன் சார். மூணு வாரம் குடுங்க.”

“மூணு வாரமா?” மச்சான் சிரித்தார். “மாசத்துக்கு இத்தனை கேள்வி இலவசம்னு போட்டிருக்கான்ல? என் பேர்ல ஒரு கணக்கு, எங்க அக்கா பேர்ல ஒண்ணு, சித்தப்பா பேர்ல ஒண்ணு, மாமியார் பேர்ல ஒண்ணு. இருபது கணக்கு தொறந்தா முடிஞ்சுது கதை!”

“அது ஒப்பந்தத்துக்கே விரோதம். கண்டுபிடிச்சா மொத்தமா அடைச்சிடுவாங்க.”

“எப்படிக் கண்டுபிடிப்பான்? எங்க சித்தப்பாவை அவனுக்குத் தெரியுமா?”

சித்தப்பாவைத் தெரியாதுதான். ஆனால் இருபது உறவினர்கள் ஒரே கணினியிலிருந்து, ஒரே நொடியில், ஊரார் வீட்டு முகவரிகளை விசாரித்தால் யாருக்கும் மூக்கில் வியர்க்கும். முதலாளி மச்சான் சொன்னதற்கே தலையாட்டினார். மூன்றாம் நாள் காலை குடும்பமே மொத்தமாகத் தடை செய்யப்பட்டது. கூடவே நிறுவனத்தின் பழைய, நேர்மையான கணக்கும் போனது. வண்டிகள் ஒன்பதும் வாசலில் நின்றன.

மச்சான் அசரவில்லை. மதியத்துக்குள் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இன்னொரு சேவையைப் பிடித்துவிட்டார். “சோதிச்சுப் பாத்துட்டு மாத்தலாம்” என்று அவள் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கானது. அந்தச் சேவைக்கு, ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாது. முகவரி புரியாவிட்டால் ஊரின் நட்டநடுப் புள்ளியைக் காட்டிவிடும். ஊரின் நட்டநடுவில் ஏரி இருந்தது.

மறுநாள் நாலாம் நம்பர் வண்டி ஓட்டுநர் போன் செய்தார்.

“அக்கா, பதினாறு சட்டை, ரெண்டு கோட்டு. ஏரிக்கரையில நிக்கிறேன். இங்க வாத்துதான் இருக்கு. கையெழுத்து யாரு போடுவா?”

“கொஞ்சம் இருங்க. பக்கத்துல வேற வண்டி ஏதாவது இருக்கா?”

“எல்லாருமே இங்கதான் இருக்கோம் அக்கா.”

அன்று சாயங்காலமே அவள் பழைய வரைபட நிறுவனத்துக்கு நீளமான மன்னிப்புக் கடிதம் எழுதினாள். சித்தப்பாவுக்கும் சேர்த்து. கணக்கைத் திரும்பத் திறந்தார்கள். விலை ஏற இன்னும் இருபது நாள் இருந்தது. முதல் வேலையாக, தினமும் என்னதான் கேட்கிறோம் என்று பட்டியல் எடுத்துப் பார்த்தாள். பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்விகளில் முக்காலே மூன்று வீசம் முதலாளியின் அறைச் சுவரிலிருந்த பெரிய திரையிலிருந்து போயிருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மாட்டியது. ஒவ்வொரு வண்டியும் எந்தத் தெருவில் இருக்கிறது என்று இரண்டு நொடிக்கு ஒரு தரம் அது கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் கொட்டகையில் கிடந்தபோதும் விடாமல் கேட்டது.

அதை நிமிடத்துக்கு ஒரு தரமாக மாற்றினாள். “வண்டியெல்லாம் தவளை மாதிரி தாவுதேம்மா,” என்று முதலாளி குறைப்பட்டார். நடுவில் மெதுவாக நகர்வது போல ஒரு ஜாலம் சேர்த்துக் கொடுத்தாள். “இப்ப முன்னைவிட வேகமா இருக்கு,” என்று அவர் மகிழ்ந்தார்.

மீதிக் கேள்விகளுக்கு வழி வீட்டில் கிடைத்தது. அவள் கணவர் பல்செட் செய்பவர். சாப்பாட்டு மேசையில் பாதி இடம் ஊராரின் வாய்க்கு. அச்சுகளை நகர்த்திவிட்டுத்தான் தட்டை வைக்க வேண்டும்.

“ஒரே வீட்டை எத்தனை தரம் கேக்கறீங்க?” என்றார் அவர், அவள் புலம்பலைக் கேட்டுவிட்டு.

“தினமும். வாடிக்கையாளர் அதேதான், வீடும் அதேதான்.”

“நான் ஒரு தரம் அளவு எடுத்தா அச்சைப் பத்திரமா வெச்சுக்குவேன். ஒவ்வொரு தரமும் வாயைத் தொறங்கன்னு சொன்னா யாரு வருவா?”

அவர்கள் தரும் பதிலைச் சேமித்து வைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஓட்டுநர் துணியைக் கொடுத்துவிட்டுப் போனில் பொத்தானை அழுத்தும்போது, அந்தப் போனுக்கே இடம் தெரியுமே! அதைக் குறித்து வைத்தால் அது நம் சொந்தச் சரக்கு. பதினைந்தே நாளில் முக்கால்வாசி வீடுகள் சேர்ந்துவிட்டன. முதலாளி திரையின் தெருப்படத்துக்குத் தன்னார்வலர்கள் வரைந்து இலவசமாகத் தந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டாள். புது முகவரிகளை மட்டும் பழைய நிறுவனத்திடம் கேட்டாள். அது இலவச அளவுக்குள்ளேயே அடங்கியது. ஒன்றாம் தேதி வந்தது, போனது. வண்டிகள் வழக்கம்போலக் கிளம்பின.

சலவைக்காரர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி மச்சான் நாற்பது நிமிடம் பேசினார். கேடயமும் வாங்கிவந்தார். பிளாஸ்திரி அக்கா கைதட்டிவிட்டு, மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனாள்.

“சம்பளம் கூட்டணும் சார்.”

முதலாளிக்கு முகம் சுண்டியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் ஒரே வாரத்தில் அவள் இடத்துக்கு மூன்று பேரைப் பிடித்து வந்தார். ஒருவர் அவள் வாங்குவதுபோல் இரண்டு மடங்கு கேட்டார். இன்னொருவர் தனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று விசாரித்தார். மூன்றாமவர் நேரே அவளிடமே வந்து, “உங்களுக்கு என்ன தர்றாங்க?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

முதலாளி இறங்கி வந்தார். கேட்டதில் பாதி உயர்வு, மீதிக்குப் பதிலாக வெள்ளிக்கிழமைகளில் விடுப்பு என்று முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த மருந்துக் கடைக்கு அதே வேலையைச் செய்துகொடுக்கிறாள். அங்கே தரை குளிர்ச்சியாக இருக்கிறதாம். மச்சான் யாரும் இல்லையாம்.