சுவருக்கு அப்பால் ஓடிய இசைத்தட்டு

பாட்டுக்கு முன்னால் அந்தக் "கரகர" சத்தம்தான் வரும், சூடான எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்ததுபோல. அது கேட்டதுமே அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

புலம்பெயர்ந்து வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகர்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், மெல்லிய சுவருக்கு அப்பால் இருந்த மிஸஸ் கிளாரா என்ற கறுப்பின முதியவர், ஞாயிறு காலைகளில் தன் தாய் பாடிய தேவாலயக் குழுவின் பழைய இசைத்தட்டைப் போடுவார். சொற்கள் ஆங்கிலம், மெட்டு எங்களுடையது. மிஷனரிமார் கொண்டுவந்து தமிழ்ச் சொல் பூட்டிய அந்த மெட்டை எங்கள் ஊர்ச் "சேர்ச்"சில் அடக்கத்தின்போது மட்டுமே பாடுவார்களாம். வீட்டில் அதை முணுமுணுத்தால் எனக்கு வாயில் அடி விழும், "சாவுப்பாட்டு" என்று.

அந்தப் பனிக்காலத்தில் அம்மாவின் தம்பி, என் ராசன் மாமா, வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். அவரிடமிருந்து கிழமைதோறும் வந்த தொலைபேசி அழைப்பு நின்று போயிருந்தது. "உந்தப் பாட்டு ஆரையோ கூப்பிடுது" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினார்.

"இனிப் போடவேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. என்ரை தம்பியின்ரை செய்தி இன்னும் வரேல்லை."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸஸ் கிளாரா கோபிக்கவில்லை, எங்களை உட்காரவைத்தார். இது சாவுக்கான பாட்டே அல்ல என்றார். அடிமைக் காலத்தில் பிள்ளைகளைப் பிடுங்கி எங்கோ விற்றுவிட, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத தாய்மார் வயலில் வேலை செய்தபடி கட்டியது, கட்டியவரின் பெயர் யாருக்கும் தெரியாது, வெகு காலத்துக்குப் பிறகு ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று தன் தாயின் குழு பாடிப் பதிந்தது, தாயின் குரல் மற்றவர்களை அமுக்கிவிடும் என்று அவரை மட்டும் தள்ளிக் கதவடியில் நிறுத்தினார்கள் என்று சொன்னார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்ட அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளையள் ஆரும் திரும்பி வந்தவையளோ எண்டு கேள்."

கேட்டேன். மிஸஸ் கிளாரா இசைத்தட்டை உறைக்குள் செருகி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, தேநீர் போடட்டுமா என்றார்.

அதன்பின் அவர் அதைப் போடவேயில்லை. சத்தமில்லாத அந்த ஞாயிறுகள்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தன; அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மிஸஸ் கிளாரா போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள், மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பதிவு மட்டும் கைபேசியில் தேடினால் வருகிறது, கதவடியில் நின்றவரின் குரல் தூரத்திலிருந்து கேட்கிறது. படுக்கையோடு இருக்கும் அம்மாவிடம் போதகர் போன கிழமை வந்து, என்னென்ன பாட்டு விருப்பம் என்று பக்குவமாகக் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது அம்மாவுக்கு விளங்கியது. அந்த ஒன்றைத் தவிர எதையும் பாடலாம் என்றார்.

"தம்பிக்கே இன்னும் பாடேல்லை. எனக்கெப்பிடிப் பாடுறது?"